கார்லோஸ் உல்பெர்க்: நாக்அவுட்டைத் தாண்டி என்ன இருக்கிறது?

இடதுகொக்கி:

பெர்த்தில் 2025 செப்டம்பரில் டொமினிக் ரேயெஸை முதல் சுற்றிலேயே சாய்த்ததோடு உல்பெர்க்குக்கு யுஎஃப்சியில் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைகளைக் கூண்டுக்குள் நடத்தும் அமைப்பு) தொடர்ந்து 9 வெற்றி. அன்றிலிருந்து லைட் ஹெவிவெயிட் (93 கிலோ எடைப்பிரிவு) பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அவர் பெயர் வந்துவிடுகிறது, உடனே இரண்டு கட்சியும் உருவாகிவிடுகிறது. ஒரு கட்சிக்கு அவர்தான் அடுத்த அலெக்ஸ் பெரெய்ரா, கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்து யுஎஃப்சி பட்டம் வென்ற அதே பெரெய்ரா. இன்னொரு கட்சிக்கு, ஒழுங்கான மல்யுத்தக்காரர் ஒருவர் கிடைத்தால் கதை முடிந்துவிடும் கிக்பாக்ஸர்.

இரண்டு பேரும் பார்க்க வேண்டிய சண்டையைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. உல்பெர்க்கைப் புரிந்துகொள்ள ரேயெஸ் சண்டை தேவையில்லை. 2024 மே மாதம் அலான்ஸோ மெனிஃபீல்டை 12 விநாடியில் முடித்ததும் தேவையில்லை. அதெல்லாம் அவர் கையில் கனம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பார்க்க வேண்டியது 2021 மார்ச் 6, யுஎஃப்சி 259. அவருடைய முதல் யுஎஃப்சி சண்டை, எதிரில் கென்னடி என்செச்சுக்வு. முதல் சுற்றில் உல்பெர்க் அடித்த அடியைப் பாருங்கள். ஒவ்வொரு குத்தும் கடைசிக் குத்து மாதிரி. இடுப்பைச் சுழற்றி, தோளை முழுக்கக் கொடுத்து, மூச்சு விடாமல். என்செச்சுக்வு நெடுநெடு உயரம், இடதுகைக்காரர், வாங்குகிற அடியை எல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். இரண்டாம் சுற்றில் உல்பெர்க்கின் கை இறங்குகிறது, கால் நகர மறுக்கிறது, அப்புறம் விழுகிறார். அந்த இரவின் சிறந்த சண்டைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. ரசிகனுக்கு விருந்துதான். ஆனால் ஒரு வீரராகப் பார்த்தால், கையில் இருந்ததை எல்லாம் ஐந்து நிமிடத்தில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்.

அடுத்தது 2022 பிப்ரவரி, யுஎஃப்சி 271, ஃபாபியோ ஷெரன்ட். அதே ஆள்தானா என்று கேட்கத் தோன்றும். ஜாப் (முன்கை நேர்க்குத்து), லோ கிக் (காலுக்குப் போடும் உதை), ஒரு அடி பின்னால். மறுபடி ஜாப். மூன்று சுற்றும் போய் நடுவர்கள் தீர்ப்பில் வெற்றி. யாரும் வெட்டிப் பகிராத சண்டை. என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு வந்த எட்டு வெற்றிக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அடக்கி வைக்கத் தெரிந்த பிறகுதான் அவருடைய நாக்அவுட்டுகளே வர ஆரம்பித்தன.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பட்டத்துக்குத் தயாரா, இல்லையா என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், காரணம் வேண்டும்.


தரைப்பிடி:

காரணம் இதோ. அந்த 9 பேரில் மல்யுத்தத்தை முதல் ஆயுதமாக வைத்து, மூன்று சுற்றும் விடாமல் உல்பெர்க்கைத் தரைக்கு இழுக்கப் பார்த்தவர் எத்தனை பேர்? ஓஸ்டெமிர் அவரே கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்தவர். ரேயெஸ் நின்று அடிக்கவே விரும்புகிறவர். மெனிஃபீல்ட் பலசாலி, ஆனால் 12 விநாடியில் எதைச் சோதிக்க முடியும்? முன்னாள் சாம்பியன் பிளாஹோவிச் ஒருவர்தான் பெரிய பெயர். அவருக்கு அப்போது 42 வயது. 2023 ஜூலையில் பெரெய்ராவிடம் தோற்ற பிறகு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சண்டையே போடாமல் இருந்துவிட்டு வந்தவர்.

வெற்றி வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வித்தாளில் பாதிப் பாடம் வரவே இல்லை. நூறு மதிப்பெண் என்று கொண்டாட நான் தயாராக இல்லை.


மூன்றாம்சுற்று:

> கேள்வித்தாளில் பாதிப் பாடம் வரவே இல்லை

2023 செப்டம்பரில் டா உன் ஜங்கை மூன்றாம் சுற்றில் பின்புறக் கழுத்துப் பிடியில் முடித்தாரே, அது எந்தப் பாடம்?


தரைப்பிடி:

மேலே இருக்கும்போது கழுத்தைப் பிடிப்பது வேறு. தன் மார்பின்மேல் 93 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வருவது வேறு. நான் கேட்பது இரண்டாவது. அதை அவர் செய்து நான் பார்க்கவில்லை. செய்ய வேண்டிய நிலைமை அவருக்கு வரவில்லை என்றும் சொல்லலாம், சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் பட்டச் சண்டை காட்டிக்கொடுக்கும்.


பழைய_கே1:

தம்பிகளா, இந்த விவாதம் உல்பெர்க் பிறந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஆரம்பித்தது. பெயர்கள்தான் மாறிக்கொண்டே வருகின்றன.

1997 ஜூலை, யுஎஃப்சி 14. மாரிஸ் ஸ்மித் கிக்பாக்ஸர். எதிரில் மார்க் கோல்மன், அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன், மல்யுத்தத்தில் ஒலிம்பிக் வரை போனவர். அன்று கிக்பாக்ஸர் என்றாலே கூண்டில் இரை என்று அர்த்தம். கோல்மன் வழக்கம்போல ஸ்மித்தைத் தரையில் போட்டார். ஆனால் ஸ்மித் அதற்குத் தயாராக வந்திருந்தார். ஃபிராங்க் ஷாம்ராக்கோடு பயிற்சி எடுத்து, கீழே கிடக்கும்போது எப்படி அடி வாங்காமல் இருப்பது, எதிரியின் கையை எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொண்டு வந்திருந்தார். கோல்மன் மேலே இருந்து தள்ளித் தள்ளிக் களைத்துப் போனார். எழுந்து நின்றபோது அவருக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. ஸ்மித் நிதானமாக லோ கிக் போட்டுக்கொண்டே இருந்தார். கூடுதல் நேரமும் சேர்த்து 21 நிமிடம். தீர்ப்பு ஸ்மித்துக்கு.

அந்தச் சண்டையில் ஸ்மித் மல்யுத்தத்தில் ஜெயிக்கவில்லை. தோற்காமல் இருந்தார், அவ்வளவுதான். கிக்பாக்ஸருக்கு அதுவே போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ரேண்டி கூச்சூர் அதே ஸ்மித்திடமிருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டார். தரைப்பிடி தம்பிக்கு இது இனிக்கும்.

அப்புறம் மிர்கோ குரோகாப். 1999 கே-1 (ஜப்பானின் கிக்பாக்ஸிங் போட்டி) கிராண்ட் ப்ரீ இறுதிச் சுற்றுவரை வந்து எர்னஸ்டோ ஹூஸ்டிடம் தோற்றவர். 2001இல் மல்யுத்தக்காரர் ஃபுஜிதா காலுக்குப் பாய்ந்தபோது அந்தத் தலைக்கே முழங்காலைக் கொடுத்தார், நெற்றி கிழிந்து சண்டை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பாய்கிறவனுக்கும் ஒரு விலை உண்டு என்று காட்டியது அது. இரண்டு வருடம் கழித்து, 2003 நவம்பர், டோக்கியோ டோம், எதிரில் பூட்டுப் பிடிகளில் வல்லவரான நொகேய்ரா. முதல் சுற்றுப் பத்து நிமிடம். குரோகாப் அவரைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டார். சுற்று முடிகிற நேரத்தில் ஹை கிக் விழுந்து நொகேய்ரா சரிந்தார், மணி அடித்ததால் பிழைத்தார். இரண்டாம் சுற்றில் நொகேய்ராவின் ஒரே ஒரு டேக்டவுன் (எதிரியைத் தரையில் வீழ்த்துவது). அடுத்த நிமிடமே கைமுட்டிப் பூட்டு. முடிந்தது.

பத்து நிமிட ஆதிக்கத்தை ஒரே ஒரு விழுதல் அழித்துவிட்டது. அதனால்தான் 9 வெற்றி என்ற எண்ணைப் பார்த்து நான் எதுவும் சொல்லமாட்டேன். அதே குரோகாப் தன் குறையைச் சரிசெய்துகொண்டு 2006இல் பிரைடு (ஜப்பானின் எம்எம்ஏ அமைப்பு) ஓபன்வெயிட் கிராண்ட் ப்ரீயையும் வென்றார். எழுந்து வரத் தெரிந்த கிக்பாக்ஸர் பயங்கரமானவர். உல்பெர்க்குக்கு அது தெரியுமா என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி.


கூண்டுக்குவெளியே:

இதற்கு நடுவில் ஒன்று கவனித்தீர்களா? உல்பெர்க்கும் முன்னாள் மிடில்வெயிட் சாம்பியன் அடெசான்யாவும் ஒரே கூடம், ஆக்லாந்து சிட்டி கிக்பாக்ஸிங். யுஎஃப்சி 259, 271, 281, 293 நான்கிலும் இருவரும் ஒரே இரவில் சண்டை போட்டார்கள். 259இல் இரண்டு பேரும் தோல்வி. 271இல் இரண்டு பேரும் வெற்றி. 281இலும் 293இலும் உல்பெர்க் ஜெயித்துவிட்டு வந்து உட்கார, அடெசான்யா பட்டத்தை இழந்தார். அண்ணன் அழும் இரவில் தம்பி சிரிக்க முடியாத குடும்பம்.

அதைவிடச் சுவையானது: 259இல் அடெசான்யாவைத் தோற்கடித்தவர் யார்? பிளாஹோவிச். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் அந்தக் கணக்கைத் தீர்த்தவர் யார்?


புதுப்பார்வை:

எம்எம்ஏ பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். உல்பெர்க், பெரெய்ரா மாதிரி ஆட்களுக்கு எதிரியைவிட நன்றாக உதைக்கத் தெரியும், தூரத்தையும் பிடித்து வைக்கத் தெரியும். அப்படியிருக்க மல்யுத்தம் கற்றுக்கொள்ளாமல் தூரத்திலிருந்தே உதைத்துக்கொண்டு இருந்தால் என்ன? கிக்பாக்ஸிங்கில் செய்ததைத்தானே இங்கேயும் செய்ய வேண்டும்?


பயிற்சிக்கூடம்:

நல்ல கேள்வி, சிரிக்க ஒன்றுமில்லை. கிக்பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்கும் முறை. கிக்பாக்ஸர் நிமிர்ந்து நிற்பார், பாதங்களுக்கு இடையே தூரம் குறைவு, எடை பின்காலில் கொஞ்சம் அதிகம். முன்காலைச் சட்டென்று தூக்கித் தடுக்கவும் உதைக்கவும் அதுதான் வசதி. அதே நிலையில் கூண்டுக்குள் நின்றால் எதிரிக்கு உங்கள் இரண்டு காலும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. டேக்டவுனைத் தடுக்க இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், கால் அகன்றிருக்க வேண்டும். ஆனால் கால் அகன்றால் லோ கிக்கைத் தடுக்கத் தூக்குவது தாமதமாகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். வருடக்கணக்கில் உடம்பில் ஊறிப்போன நிலையை உடைத்து நடுவில் ஓரிடம் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒவ்வொருவர் உடம்புக்கும் வேறு.

அடுத்தது உதை. கிக்பாக்ஸிங்கில் உதையைப் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும், அல்லது ஒரு அடி அடித்துவிட்டு விட வேண்டும், சங்கத்துக்குச் சங்கம் விதி மாறும். எம்எம்ஏவில் பிடித்த காலை யாரும் விடமாட்டார்கள். நடு உடம்புக்குப் போடும் உதை அங்கே மிக அழகான ஆயுதம். இங்கே அதுவே கையில் கொடுக்கிற டேக்டவுன். அதனால்தான் கிக்பாக்ஸர்கள் கூண்டுக்கு வந்ததும் கெண்டைக்கால் உதைக்கும் ஜாபுக்கும் மாறுகிறார்கள். கெண்டைக்கால் உதை தாழ்வாகப் போகிறது, பிடிப்பது கஷ்டம், எடை அதிகம் மாறாது. பெரெய்ரா அதை வைத்தே பாதிச் சண்டையை நடத்துகிறார்.

மூன்றாவது, கையுறை. கிக்பாக்ஸிங்கில் 8 அல்லது 10 அவுன்ஸ். இரண்டு கையையும் முகத்தின் முன் கதவு மாதிரி மூடினால் பெரும்பாலான குத்து கையுறையிலேயே நின்றுவிடும். எம்எம்ஏ கையுறை 4 அவுன்ஸ் அளவில், விரல்கள் திறந்திருக்கும். அதே கதவை மூடினால் இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும். தடுப்பதைவிட நகர்வதே பாதுகாப்பு. மாறாக, தாக்குகிறவருக்கு அது வரம். சின்னக் கையுறையில் குறி தப்பாமல் அடிக்கத் தெரிந்தவர் லேசாகத் தொட்டாலே போதும். கிக்பாக்ஸர்களின் நாக்அவுட் திடீரென்று பெருகுவதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் கேட்ட தூரம் இப்போது. குத்துச்சண்டை வளையத்தில் கயிறு உங்களைத் தாங்கும், கொஞ்சம் வளையும், மூலையும் இருக்கும். கூண்டின் வேலி வளையாது. முதுகு வேலியில் பட்டதும் உதைக்க இடமில்லை, பின்வாங்க இடமில்லை, எதிரி உங்கள் மார்பில் சாய்ந்துவிடுவார். கிக்பாக்ஸிங்கில் கட்டிப்பிடித்தால் சில விநாடிகளில் நடுவர் பிரித்துவிடுவார். அந்தப் பிரிவில் மூச்சு கிடைக்கும். இங்கே யாரும் பிரிக்கமாட்டார்கள். எதிரியின் எடையைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். சுற்றும் 3 நிமிடம் இல்லை, 5 நிமிடம்.

ஆக, தூரத்திலிருந்து உதைத்துக்கொண்டே இருக்கலாம்தான், எதிரி அந்தத் தூரத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தால். நல்ல மல்யுத்தக்காரர் கொடுக்கமாட்டார். மல்யுத்தம் கற்பது அவரைத் தரையில் தோற்கடிக்க இல்லை. அவர் கிட்டே வரும்போது பயமில்லாமல் உதைக்க. விழுந்தால் எழமுடியும் என்று தெரிந்தவரின் உதைக்கும், விழவே கூடாது என்று நினைப்பவரின் உதைக்கும் வேகம் வேறாக இருக்கும், கண்ணுக்கே தெரியும்.

உல்பெர்க் விஷயத்தில் இடதுகொக்கி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். 2021 சண்டை நடந்த லாஸ் வேகஸ் ஏபெக்ஸ் கூடத்தின் கூண்டு குறுக்களவு 25 அடி. பெரிய அரங்குகளில் இருப்பது 30 அடி. சின்னக் கூண்டில் வேலி சீக்கிரம் வரும், ஓய்வெடுக்க இடம் குறைவு. முதல் சண்டையில் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு அது கூடுதல் சுமை. அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் ஒன்று.


புதுப்பார்வை:

அருமையான விளக்கம், நன்றி அண்ணே. உதையைப் பிடிக்கிற பகுதி இதுவரை கண்ணில் படவே இல்லை. இனிமேல் அதைத்தான் பார்ப்பேன்.


தரைப்பிடி:

பயிற்சிக்கூடம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு என் வாதத்துக்கு வருகிறேன். ஸ்டீஃபன் தாம்ஸனைப் பாருங்கள். கிக்பாக்ஸிங்கில் தோல்வியே அறியாதவர். தூரத்தைப் பிடித்து வைப்பதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. 2012இல் மேட் பிரவுன் என்ன செய்தார்? தூரத்தை மூடினார், தரையில் போட்டார், மூன்று சுற்று அடித்தார். பிரவுன் உலகத்தரமான மல்யுத்தக்காரரும் இல்லை. தாம்ஸன் அதற்குப் பிறகு தடுப்பைக் கற்றுக்கொண்டு பட்டச் சண்டைவரை போனார். அங்கேயும் எதிரில் மல்யுத்தக்காரரான சாம்பியன் உட்லி. முதல் சண்டை சமன், இரண்டாவது தோல்வி.

அடெசான்யா - பிளாஹோவிச் 2021ஐயும் சொல்ல வேண்டும். மூன்று சுற்றுவரை அது யாருடைய சண்டையாகவும் இருந்திருக்கலாம். நான்காம், ஐந்தாம் சுற்றில் பிளாஹோவிச் தரையில் போட்டார், அடெசான்யாவால் எழமுடியவில்லை. இத்தனைக்கும் அடெசான்யா டேக்டவுன் தடுப்பில் கெட்டிக்காரர். மிடில்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர் மேல் லைட் ஹெவிவெயிட் உடம்பு விழுந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேரும் உல்பெர்க்கைவிடக் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கே அந்தக் கதி.


இடதுகொக்கி:

எடை வாதம் உல்பெர்க்குக்குப் பொருந்தாது. அவர் பிறவி லைட் ஹெவிவெயிட், கீழிருந்து ஏறி வந்தவர் இல்லை. அதே பிளாஹோவிச்சோடு மூன்று சுற்று நின்று தீர்ப்பு வாங்கியிருக்கிறார். வயதானவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயதான பிளாஹோவிச்சும் உதையைப் பிடிக்க மறந்துவிடவில்லை.

இன்னொன்று. இந்த எடைப்பிரிவின் பிரச்சினை டேக்டவுன் மட்டும் இல்லை. 2025 மார்ச்சில் பெரெய்ரா அங்கலாயெவிடம் தோற்றாரே, அதில் அங்கலாயெவ் அவரை ஒரு முறைகூடத் தரையில் போடவில்லை! முயன்றார், பலிக்கவில்லை. ஆனால் முன்னால் வந்துகொண்டே இருந்தார், வேலியில் சாய்த்து வைத்தார், பெரெய்ரா உதைக்கத் தயங்கினார். தரையில் விழாமலே பட்டம் போனது. ஆகவே "டேக்டவுனைத் தடுப்பாரா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். பயம் வந்த பிறகும் கையையும் காலையும் விடுவாரா என்பது மீதி.


கூண்டுக்குவெளியே:

> அடக்கி வைக்கத் தெரிந்த பிறகுதான் நாக்அவுட்டுகளே வர ஆரம்பித்தன

நிதானம் நிதானம் என்று முதல் பதிவிலிருந்து சொல்கிறீர்கள். அதே அங்கலாயெவை 2025 அக்டோபரில் பெரெய்ரா என்ன செய்தார்? மணி அடித்ததும் பாய்ந்தார், 80 விநாடி, பட்டம் திரும்பி வந்தது. நிதானமாக ஆடிய மார்ச்சில் தோல்வி, வெறிபிடித்தாடிய அக்டோபரில் வெற்றி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?


இடதுகொக்கி:

நல்ல அடி. பதில் இருக்கிறது.

மார்ச்சில் பெரெய்ரா நிதானமாக இல்லை, தயங்கினார். அக்டோபரில் வெறிபிடித்து ஆடவில்லை, முடிவெடுத்து ஆடினார். அங்கலாயெவ் முன்னால் வந்தால்தான் அவருக்குச் சண்டை. அதை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று ஒரு திட்டத்தோடு இறங்கினார். 2021 உல்பெர்க்கிடம் அந்தத் தேர்வே இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு வேகம்தான். இன்றைய உல்பெர்க் 12 விநாடியிலும் முடிக்கிறார், ஓஸ்டெமிரோடு மூன்று சுற்றும் போகிறார். இரண்டு வேகமும் கையில் இருப்பதைத்தான் நான் முன்னேற்றம் என்கிறேன். மெதுவாக ஆடுவதை இல்லை.


மூன்றாம்சுற்று:

எல்லாரும் கனமான ஆண்களையே பேசுகிறீர்கள். கிக்பாக்ஸர் மல்யுத்தக்காரரைச் சந்திக்கும் சண்டைக்கு இலக்கணம் வேண்டுமென்றால் 2015 மார்ச், யோவானா யெஞ்செய்ச்சிக் - கார்லா எஸ்பார்ஸா பார்க்க வேண்டும். எஸ்பார்ஸா சாம்பியன், மல்யுத்தக்காரர். மறுபடி மறுபடி காலுக்குப் பாய்ந்தார். யோவானா கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பின்னால் எறிந்து, தலையை அழுத்தி, விலகும்போது ஒரு குத்து கொடுத்து அனுப்பினார். அந்த விலகல் குத்துதான் முக்கியம். தடுத்தால் மட்டும் போதாது, பாய்ந்ததற்கு அபராதம் வசூலிக்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்குள் எஸ்பார்ஸாவுக்குப் பாயவே மனமில்லை. அங்கேயே பட்டம் கைமாறியது.

உல்பெர்க் அந்த அபராதத்தை வசூலிப்பாரா என்று எனக்கும் சந்தேகம் உண்டு. அவர் தடுத்ததும் விலகித் தூரம் தேடுகிற ரகம். அழகாக இருக்கும், ஆனால் எதிரி இன்னொரு முறை முயன்று பார்க்க அது இலவச அனுமதி.


பயிற்சிக்கூடம்:

மூன்றாம்சுற்று சொன்னது பொன். விலகும்போது அடிக்கிற பழக்கம் கிக்பாக்ஸர்களுக்குத் தாமதமாகத்தான் வரும். எங்கள் ஊறிய பழக்கம், கட்டிப்பிடி முடிந்தால் நடுவர் பிரிப்பார் என்று கையைத் தளர்த்துவது. அந்த அரை விநாடித் தளர்வைப் போக்கத்தான் பெரும்பாடு.


பழைய_கே1:

வயதைப் பற்றி யாரும் பேசவில்லையே. வளரும் வீரர் வளரும் வீரர் என்கிறோம், பெர்த் சண்டையின்போது உல்பெர்க்குக்கு 34. கிக்பாக்ஸிங்கிலிருந்து தாமதமாக வந்தவர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோகான் சாகி. குளோரி (கிக்பாக்ஸிங் அமைப்பு) சாம்பியன், கை வேகத்துக்கு அவரைப்போல் இன்னொருவர் கிடையாது. 33 வயதில் யுஎஃப்சி வந்து 2017இல் முதல் சண்டையில் நாக்அவுட் அடித்தார். அடுத்த ஆண்டு கலீல் ரவுண்ட்ரீ அவரை இரண்டு நிமிடத்துக்குள் சாய்த்துவிட்டார். மல்யுத்தம் இல்லை, ஒன்றும் இல்லை, நின்று அடித்தே. அத்தோடு யுஎஃப்சியில் அவர் கதை முடிந்தது. கிக்பாக்ஸர் தோற்றால் உடனே தரையைக் காட்டுகிறார்கள், சின்னக் கையுறையில் நின்றபடியும் தோற்கலாம்.


மூன்றாம்சுற்று:

ஆனால் அண்ணே, பெரெய்ரா யுஎஃப்சிக்கு வந்ததே 34 வயதில்தான். 2021 நவம்பர் முதல் சண்டை, ஒரே வருடத்தில் மிடில்வெயிட் பட்டம். அதுவும் நான்கு சுற்று முடிவில் புள்ளியில் பின்தங்கி, ஐந்தாம் சுற்றில் அடெசான்யாவை நிறுத்தி.


பழைய_கே1:

பெரெய்ராவை அளவுகோலாக வைத்தால் எல்லாரும் குட்டையாகத்தான் தெரிவார்கள். அவர் விதிவிலக்கு. குளோரியில் இரண்டு எடைப்பிரிவில் ஒரே சமயத்தில் பட்டம் வைத்திருந்தவர். அவருக்கும் 2015இல் முதல் எம்எம்ஏ சண்டை பிரேசிலில் கழுத்துப் பிடியில் தோல்விதான், அதை யாரும் சொல்வதில்லை. எழுந்து வர ஐந்தாறு வருடம் பிடித்தது. க்ளோவர் டெஷெய்ராவோடு சேர்ந்து பயிற்சி எடுத்த பிறகுதான் தரை பற்றிய பயம் போனது.

உல்பெர்க்குக்கு அப்படி வெளியே போய்த் தேடவேண்டிய அவசியம் இல்லை. யூஜின் பேர்மன் கூடத்தில் கிக்பாக்ஸரை எம்எம்ஏ வீரராக மாற்றுவது பழகிய வேலை. அடெசான்யாவை வைத்து ஒரு தடவை செய்துபார்த்துவிட்டார்கள். எங்கே ஓட்டை இருந்தது என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இது ஒன்றுதான் என்னை உல்பெர்க் பக்கம் கொஞ்சம் சாய வைக்கிறது.


கூண்டுக்குவெளியே:

நாக்அவுட் எண்ணிக்கையை நம்பாதே கட்சிக்கு என் பங்களிப்பு: செட்ரிக் டூம்பே. இவரும் குளோரி சாம்பியன். 2023இல் பாரிஸில் 9 விநாடி நாக்அவுட், உலகமே பேசியது. அடுத்த ஆண்டு அதே பாரிஸில், சண்டை நடுவே காலில் ஏதோ குத்திவிட்டது என்று நடுவரிடம் காட்டினார். நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அது தோல்வியாகப் பதிவானது. தரையில் விழாமல் பார்த்துக்கொள்ள ஆயிரம் யோசனை சொல்கிறோம், தரையில் கிடக்கிற முள்ளுக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.


தரைப்பிடி:

சிரித்துவிட்டேன். சரி, என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் இழுக்கவில்லை. பெரெய்ராவோடு உல்பெர்க் சண்டை போட்டால் நான் அவருக்கு வாய்ப்பு உண்டு என்றே சொல்வேன், ஏனென்றால் பெரெய்ரா அவரைத் தரைக்கு இழுக்கமாட்டார். அங்கலாயெவ் மாதிரி ஆளோடு ஐந்து சுற்று என்றால் என் பணம் அங்கலாயெவ் பக்கம். ஒரே வீரர், எதிரியைப் பொறுத்து இரண்டு பதில். "தயாரா" என்ற கேள்வியே யாருக்கு எதிராக என்று சேர்க்காவிட்டால் அரைகுறைதான்.


இடதுகொக்கி:

பெரெய்ராவுக்கு எதிராக எனக்குத்தான் பயம். உல்பெர்க் இதுவரை சந்தித்தவர்கள் யாரும் அவருடைய கெண்டைக்காலை அப்படி வேலைசெய்ததில்லை. அவர் ஆட்டம் முழுக்க அந்த முன்காலின் நடமாட்டத்தில் இருக்கிறது. அது போனால் ஜாபும் போய்விடும். உங்களுக்குத் தரை கவலை, எனக்குக் கெண்டைக்கால்.


புதுப்பார்வை:

எல்லாரும் சொன்ன சண்டைகளைக் குறித்துவைத்துக்கொண்டேன். உல்பெர்க் சண்டைகளில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? 12 விநாடிச் சண்டையை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.


பயிற்சிக்கூடம்:

ஷெரன்ட் சண்டை, 2022. முழுசாக, வேகத்தைக் கூட்டாமல். முதல் முறை உல்பெர்க்கின் முன்காலை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, உதைத்து முடித்ததும் கை எங்கே திரும்பி வருகிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள்.


தரைப்பிடி:

போரடித்தால் எங்களைத் திட்டக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.